வீட்டில் வசிக்கிறார்

"எத்தினை பேரெண்டு கேட்டிருக்குது?"

"வீட்டில இருக்கிற ஆக்கள் எத்தினை பேரெண்டு, மாமி."

"மூண்டு."

"மாமி, நீங்களும் நானும்..."

"மூண்டெண்டு சொன்னனான். எழுது பிள்ளை. செபஸ்தியம்மா, அறுபத்திரண்டு. எடித், இருபத்தேழு. சந்தியோகு, முப்பத்தொண்டு. அவன்ட அடையாள அட்டை நம்பர் உனக்குப் பாடம்தானே."

"அவர் இல்லையே மாமி. போய் மூண்டு மாசம்."

"இல்லையெண்டு ஆர் சொன்னது? நீ சொல்லுறியோ?"

"நான் சொல்லேல்லை."

"அப்ப எழுது. நாளைக்கு அவன் பஸ்ஸால வந்து இறங்கேக்க இந்தப் பட்டியலில பேரில்லையெண்டா ஊருக்குள்ள விடுவாங்களோ? எந்தக் காட்டுக்குள்ள இருந்து வாறாய் எண்டு கேட்டுத் திரும்பவும் கொண்டுபோவாங்கள். பேர் இருந்தா, அவன் வேலைக்குப் போய் வாற ஆள். அவ்வளவுதான்."

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு சித்திரை மாதத்தில், தலைமன்னாரில் ஒரு சமையலறையில் நடந்த பேச்சு இது. மாமியார் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகள் பாண் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் படிவத்தை விரித்திருந்தாள். வீடு வீடாக ஆட்களைப் பதிகிறார்கள் என்று கிராம அலுவலரான விதானையார் கொண்டுவந்து கொடுத்த படிவம். எடித் மன்னாரில் பிரதேச செயலகக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தை அச்சுப் போல எழுதுவாள். முதல் இரண்டு பெயர்களை மளமளவென்று எழுதிவிட்டாள். மூன்றாவதில் மட்டும் பேனை கொஞ்ச நேரம் கடதாசியைத் தொடாமல் நின்றது. பிறகு எழுதினாள். எழுதிய கையோடு, அந்த மனுசன் முன்கதவால் உள்ளே வந்துவிட்டது போல அவளுக்கு ஒரு நிம்மதி உண்டாயிற்று. அதை நினைத்தால் இப்போதுகூட அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சீருடைக்காரர் படப்பெட்டியோடு வந்தார்கள். வீட்டிலிருந்தவர்களை வாசலில் நிறுத்திப் படமெடுத்து, கதவில் ஒரு இலக்கத்தை மையால் எழுதினார்கள். மூன்றாவது ஆள் எங்கே என்று ஒருவன் கேட்டான். "மன்னாருக்கு வேலைக்குப் போயிட்டான்" என்றார் மாமி. அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னவள் எடித். சொல்லும்போது குரல் நடுங்காமலிருந்ததுதான் அவளுக்கே ஆச்சரியம்.

அந்த மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தியோகு வள்ள இஞ்சின் திருத்துகிறவன். இஞ்சின் பதிவுக்கு ஒரு படிவம் கேட்டுக் கந்தோருக்கு வந்தான். படிவத்தில் எண்ணெய்க் கை பட்டுவிட்டதென்று மறுநாள் வந்தான். மூன்றாம் நாள் மழையில் நனைந்துவிட்டது என்றான். மன்னாரில் மழை பெய்து நாலு மாதமாகியிருந்தது. நாலாம் தரம் படிவத்தை முழுக்க நிரப்பியே கொண்டுவந்து நீட்டினான். கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்றிருந்த இடத்தில், 'வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கேட்டு வரலாமோ' என்று எழுதியிருந்தது. எடித் அதை வாசித்துவிட்டு, முகத்தைத் தூக்காமல், 'ஆம்' என்ற பெட்டியில் ஒரு சரியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கேள்விக்கு அப்படியொரு பெட்டி இருக்கவில்லை. அவளே கீறினாள்.

பதினொரு மாதம் வாழ்ந்தார்கள். பன்னிரண்டாம் மாதம், தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, இஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க மன்னாருக்குப் பஸ் ஏறினான். வழியில் சோதனைக்காக எல்லாரும் இறங்கி நடந்தார்கள். நடந்து முடிந்து எல்லாரும் ஏறினார்கள். ஒரு ஆள் குறைகிறது என்று நடத்துனர் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்ற ஒரு வான் வண்டியில் அந்த ஆள் ஏறியதாக ஒரு கிழவி சொல்லியிருக்கிறாள். ஆர் ஏற்றியது, எங்கே கொண்டுபோனது, ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள்.

முறைப்பாட்டை மாமிதான் கொடுத்தார். எடித் கூடப் போக வெளிக்கிட்டபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ வாய் திறக்காத. கவர்மேந்து வேலை பாக்கிற பிள்ளை. வயசு போனவளை ஒண்டும் செய்யாங்கள். கேக்கிறதை நான் கேக்கிறன்." அன்றிலிருந்து மாமி கேட்டார். ஆமிக் காம்பில் கேட்டார், பொலிசில் கேட்டார், ஆயரான மேற்றிராணியாரிடம் கேட்டார், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரிடம் செவ்வாய் தவறாமல் கேட்டார். எடித் கந்தோரில் இருந்து மற்றப் பெண்களின் முறைப்பாடுகளை மொழிபெயர்த்தாள். 'எனது மகனைத் தேடித் தருமாறு', 'எனது கணவரைத் தேடித் தருமாறு' என்று எத்தனை தரம் எழுதியிருப்பாளோ, கணக்கில்லை. தன்னுடைய ஒன்றை மட்டும் அவள் ஒரு இடத்திலும் எழுதவில்லை, ஒருவரிடமும் கேட்கவில்லை. பதினேழு மாதம் அது தொண்டையில் மீன்முள் போலக் கிடந்தது.

கார்த்திகை மாதம் மரித்தவர்களுக்கான பூசைக்கு, குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கோவிலில் கொடுப்பது அங்கே வழக்கம். சுவாமியார் பீடத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். மாமி தன் புருசனின் பெயரை எழுதுவித்துவிட்டு, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு பெயர் ஏதும் தவறி விழுந்துவிட்டதோ என்று. அந்தத் துண்டில் இல்லாத பெயர், வீட்டுப் பட்டியலில் இருந்தாக வேண்டும். அங்குள்ள பெண்களுக்குப் பெயரை வைக்க இரண்டே இடங்கள்தான் இருந்தன. இடையில் இன்னொரு இடம் இருக்கலாமென்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

*

இரண்டாயிரத்தெட்டு ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை, கொழும்பிலிருந்து ஓர் அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. கந்தோரின் உதவிச் செயலாளர் இந்திராதேவி அதை எடித்தின் மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதற்றம் வந்தால் அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

"வியாழக்கிழமைக்குள்ள வேணும் எடித். அதிகாரி ஒருத்தர் நேரிலயே வாறாராம்."

ஜெனிவாவில் உலக நாடுகள் கூடி ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலைமையையும் முறைவைத்து விசாரிக்கிற கூட்டமொன்றில், இந்தத் தடவை இலங்கையின் முறை வந்திருந்தது. இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று நாடுகள் பரிந்துரைகளைக் கொடுத்திருந்தன. எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏற்றுக்கொண்டதற்கு இதுவரை என்ன செய்திருக்கிறோம் என்று அரசாங்கம் பதில் எழுத வேண்டும். காணாமற்போனோரின் முறைப்பாடுகளை விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்பது ஏற்றுக்கொண்ட பரிந்துரைகளில் ஒன்று. எத்தனை முறைப்பாடுகளுக்கு முடிவு காணப்பட்டது என்ற எண்ணிக்கை இப்போது தேவை.

எதிர்மேசைச் சனூன், தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு சேர்த்து ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் பதின்மூன்று வருடம் புத்தளத்தில் கிடந்துவிட்டுத் திரும்பிவந்தவர், எட்டிப் பார்த்தார்.

"ஜெனிவாவோ? எனக்கு அந்த ஊரில மணிக்கூடு செய்யிறது மட்டுந்தான் தெரியும். தங்கச்சி, எங்கட கந்தோர் மணிக்கூடும் நிண்டு ரெண்டு வருசம். அதையும் ஒரு வரி சேத்து எழுதிவிடும்."

எடித் சிரித்துக்கொண்டே சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். சிரிப்பு அங்கேயே நின்றது. முறைப்பாட்டுப் பட்டியலை வீட்டுப் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்றும், வீட்டுப் பதிவில் பெயர் காணப்படுவோருக்கு 'தற்போதைய நிலை' என்ற நிரலில் 'வீட்டில் வசிக்கிறார்' என்று பதிய வேண்டும் என்றும், அத்தகைய முறைப்பாடுகள் முடிவடைந்தவையாகக் கொள்ளப்படும் என்றும் எழுதியிருந்தது.

நாற்பத்தொரு முறைப்பாடுகள். முதலாவது பெயரைப் பேசாலை ஊர்ப் பதிவில் தேடினாள். இருந்தது. இரண்டாவது இல்லை. மூன்றாவது இருந்தது. நாலாவதும் இருந்தது. அடுத்த பெயரைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுமுன்னே அவளுக்கு விளங்கிவிட்டது. தன் வீட்டுச் சமையலறையில் மட்டும் நடந்த சங்கதி என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இல்லை. கோவில் வாசலில் ஒருத்தி மற்றவளின் காதில் சொல்லியிருக்கிறாள். கடற்கரையில் மீன் கூறு போடும் இடத்தில் இன்னொருத்தி சொல்லியிருக்கிறாள். பேரை விட்டுடாதையடி, வந்தா ஊருக்குள்ள எடுக்க மாட்டாங்கள். மன்னார்த் தீவு முழுக்கத் தாய்மாரும் பெண்சாதிமாரும், வராத மனுசருக்கு வீட்டில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

இருபத்தேழாவது பெயர் சந்தியோகு. அவள் பதிவை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் எடுத்துப் பார்த்தாள். அவளுடைய எழுத்து, வளைவு வளைவாக, தெளிவாக இருந்தது.

மாலைக்குள் பதினைந்து பேருக்கு 'வீட்டில் வசிக்கிறார்' என்று தட்டெழுதினாள். இருபத்தேழாவது வரியின் நிரலை மட்டும் வெறுமையாக விட்டாள்.

மறுநாள் சனூன் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டார். கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட பேரெல்லாம் ஒரே நாளில வெட்டினவங்கள் தங்கச்சி. வெளிக்கிட ரெண்டு நாள் தந்தவங்கள். திரும்பி வந்து நான் இந்த ஊர்க்காரன் எண்டு காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் நான் பட்ட பாடு... அதால உங்கட மாமி செய்ததைப் பிழையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா இது வேற. வீட்டில இருக்கிற ஆளை உலகத்தில ஒருத்தனும் தேட மாட்டான். மிஸ்ஸிட்டப் போய்ச் சொல்லும்."

போனாள். இந்திராதேவி அவள் வாயைத் திறக்குமுன்னே கண்ணாடியைக் கழற்றினார்.

"எடித், எனக்குத் தெரியும். நீர் அதை வாயால சொல்லி என்னைக் கேக்க வைக்காதையும். பதிவில என்ன இருக்கெண்டுதான் கேட்டிருக்கினம். பதிவு பொய்யெண்டு நான் எழுதினா, பொய் எழுதினது ஆரெண்டு அடுத்த கடிதம் வரும். அந்த எழுத்து ஆரின்ட எழுத்தெண்டு இந்தக் கந்தோரில எல்லாருக்கும் தெரியும். உம்மைக் கொண்டுபோனா உமக்கு ஆர் முறைப்பாடு எழுதுறது? நானோ?"

"மற்றாக்களின்ட..."

"வாற அதிகாரி அஞ்சு குடும்பத்தைக் கூப்பிட்டு நேரில கேக்கப் போறாராம். அவையள் சொல்லட்டும். நீர் அவையள் சொல்லுறதை மொழிபெயரும். அதுதான் உம்மட வேலை."

அந்த ஐந்தின் பெயர்களை விதானையாருக்கு அனுப்பிய கடிதத்தை எடித்தே தட்டெழுதினாள். ஐந்தாவது பெயர்: திருமதி செபஸ்தியம்மா, தலைமன்னார்.

*

புதன்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது, மாமி கோவிலுக்கு உடுக்கிற சேலையை மடித்துக் கதிரையில் வைத்திருந்தார். அதற்குமேல் குடை.

"விதானையார் வந்திட்டுப் போறார்" என்றார் மாமி. "தேத்தண்ணி அடுப்பில இருக்கு. ஊத்திக் குடி."

எடித் குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனிவாவைச் சொன்னாள், நிரலைச் சொன்னாள், பதினாறு பேரைச் சொன்னாள். மாமி இடையில் ஒரு தரம்கூட மறிக்கவில்லை. மறிக்காமல் கேட்பது அவருடைய வழக்கமல்ல.

"அப்ப, வெளிநாட்டாக்களுக்கு என்ட பிள்ளை வீட்டில இருக்கிறானெண்டு எழுதப் போறாங்கள்."

"ஓம் மாமி."

"வீட்டில இருக்கிறானெண்டு கவர்மேந்தே எழுதினா நல்லதுதானே. பிறகு அவனைப் பிடிச்சு வச்சிருக்கிறவன் பயப்பிடுவான். விட்டிடுவான்."

"அப்பிடியில்லை மாமி. பைலை மூடிப் போடுவினம். இனித் தேடச் சொல்லி நீங்கள் எங்க போனாலும், அதுதான் வந்திட்டாரே எண்டு சொல்லுவினம்."

மாமி எழும்பி அடுப்பை அணைத்தார். அணைந்த அடுப்பை இன்னொரு தரம் அணைத்தார்.

"சரி. அப்ப நான் என்ன சொல்லோணும்? இல்லையெண்டு சொல்லோணுமோ? பதிவில பேர் எழுதினது ஆரெண்டு கேட்டா? எனக்கு எழுதத் தெரியாதெண்டு கைநாட்டைப் பாத்தாலே தெரியும். உன்னைக் காட்டோணுமோ?"

"நான் எழுதினதுதானே."

"எழுதச் சொன்னது நான்." மாமியின் குரல் சட்டென்று மெலிந்தது. "பிள்ளை, கேள். நாளைக்கு நான் உன்னை ஆரெண்டும் தெரியாத மாதிரித்தான் இருப்பன். நீயும் அப்பிடி இரு. அந்த மனுசன் கேட்டா, ஓம், என்ட மகன் வீட்டில இருக்கிறானெண்டு சொல்லிப்போட்டு வருவன். இந்த வீட்டில இருந்து ஒராள் போனது போதும்."

"மாமி, அப்பிடிச் சொன்னா அவர்..."

"அவனை அந்தோனியார் தேடுவார். உன்னைத் தேட எனக்குச் சீவன் இல்லை."

 மாமி சோறு போட்டார், மீன் தலையை அவள் பக்கம் தள்ளினார். சந்தியோகு போன நாளிலிருந்து மீன் தலை மருமகளுக்குத்தான். இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

*

வியாழக்கிழமை விடிய ஒரே பஸ்ஸில் போனார்கள், ஆனால் சேர்ந்து போகவில்லை. மாமி முன் இருக்கையில், குடையை மடியில் நெடுக்காக வைத்துக்கொண்டு. எடித் பின்னால், ஒரு கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில். சோதனையிடத்தில் எல்லாரும் இறங்கி வரிசையாக நடந்தபோது, மாமி ஒரு இடத்தில் நின்றார். காலில் ஏதோ குத்தியது போலக் குனிந்தார், நிமிர்ந்தார், நடந்தார். போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தில் அவர் அப்படி நிற்பாரென்று எடித்துக்குத் தெரியும். கிழவி சொன்ன வான் நின்ற இடம் அது.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். கடுமையான ஆளாக இருப்பாரென்று எடித் பயந்திருந்தாள். அவரோ சீனி வருத்தக்காரர், களைத்தவர், சீனி போடாத தேத்தண்ணி கிடைக்குமோ என்று கேட்பதற்கே கூச்சப்பட்டார். அவருக்கு முன்னால் பதிலின் வரைவு இருந்தது. அதில் ஒரு வசனத்தை விரலால் காட்டி, இது சரியா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். 'இப்பிரிவில் கிடைத்த நாற்பத்தொரு முறைப்பாடுகளில் பதினாறு பேர் தமது சொந்த வீடுகளில் வசிப்பது உறுதிசெய்யப்பட்டுள்ளது.'

"உங்கள் பட்டியலில் பதினைந்து இருக்கிறது. ஒன்று வெறுமையாக இருக்கிறது. ஆனால் பதிவில் அந்தப் பெயர் உண்டு" என்றார் சிங்களத்தில். "தட்டெழுத்துப் பிழையாக்கும்."

 மூலையில் நின்ற இந்திராதேவி கண்ணாடியைத் துடைத்தார்.

முதலில் வந்தவள் பேசாலை மாக்கிறட். கணவன் போய் ஒன்றரை வருடம். அறைக்குள் வந்ததும் வெளியே வாசலில் நின்ற சீருடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரியோடு பாதுகாப்புக்கு வந்தவர்கள் அவர்கள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"உங்கட கணவர் இப்ப வீட்டில இருக்கிறாரோ எண்டு சேர் கேக்கிறார்."

"ஓம். இருக்கிறார்."

எடித் அதை மாற்றிச் சொன்னாள். அதிகாரி ஒரு சரி போட்டார். மாக்கிறட் போகும்போது எடித்தை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை அதில். களவெடுத்த இருவரில் ஒருத்தி மற்றவளைப் பார்ப்பது போன்ற பார்வை. அடுத்துவந்த இருவரும் அதே இரண்டு சொற்களைத்தான் சொன்னார்கள். எடித் அதே இரண்டு சொற்களை மூன்று தரம் சிங்களத்தில் சொன்னாள். 

நாலாவதாக வந்தவள் ராக்கம்மா. மலைநாட்டிலிருந்து வந்து உயிலங்குளத்தில் வயல் வேலை செய்து, சண்டையால் அங்கிருந்தும் எழும்பி மன்னாருக்கு வந்திருப்பவள். கூலி வேலைக்குப் போன மகன் மாரிமுத்து திரும்பவில்லை. உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு நின்றாள்.

"உங்கட மகன் இப்ப வீட்டில இருக்கிறாரோ?"

"பேரு இருக்குதுங்க" என்றாள் ராக்கம்மா. "ஆளுதான் இல்ல."

 இதைச் சொன்னால் இந்தத் தாய்க்கு என்ன ஆகுமோ. ஆனால் ராக்கம்மா சொல்லிவிட்டாள், அவளுக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான். எடித் ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

அதிகாரி பேனையை வைத்தார். "அப்படியென்றால் பதிவில் பொய்யான பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது குற்றம் என்று அம்மாவுக்குத் தெரியுமா? வெளியே சீருடைக்காரரும் நிற்கிறார்கள். அதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கிறார் என்றே எழுதிக்கொள்ளட்டுமா? அது அவருடைய நன்மைக்குத்தான்."

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். எடித் அப்படியே தமிழில் சொன்னாள். ராக்கம்மா யோசித்தாள்.

"தாராளமா எழுதிக்கிடச் சொல்லுங்கம்மா. ஆனா மொதல்ல கொண்டாந்து வீட்டுல விட்டுட்டு எழுதச் சொல்லுங்க."

 அதிகாரி மாரிமுத்துவின் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார். திங்கட்கிழமை இந்தப் பதில் ஜெனிவாவுக்குப் போயாக வேண்டும், ஒரு கேள்விக்குறியோடு எப்படிப் போகும் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். ராக்கம்மா கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். வாசலில் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அல்லது இன்னும் நடக்கவில்லை.

ஐந்தாவதாகச் செபஸ்தியம்மா வந்தார்.

குடையைக் கதவோரம் சாத்தினார். கதிரையின் நுனியில் இருந்தார். எடித்தைப் பார்த்து, கந்தோரில் வேலை செய்கிற எவளோ ஒருத்தியைப் பார்ப்பது போலத் தலையசைத்து, "வணக்கம் மிஸ்" என்றார். வீட்டில் ஒரு நாளும் அவளைப் பிள்ளையென்றன்றிக் கூப்பிடாத வாய்.

"வணக்கம் அம்மா" என்றாள் எடித். அவளுக்கு அந்தச் சொல் புதிதாக இருந்தது.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். "இதுதான் அந்த வெறுமையான வரி. மகன் சந்தியோகு. பதிவில் இருக்கிறார். படிவமும் மிக ஒழுங்காக, நல்ல சிங்களத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது. யார் நிரப்பியதோ." தலை நிமிர்ந்தார். "மகன் வீட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள்."

"உங்கட மகன்..." எடித் நிறுத்தினாள். தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். "உங்கட மகன் சந்தியோகு இப்ப வீட்டில இருக்கிறாரோ எண்டு சேர் கேக்கிறார்."

"இருக்கிறான்" என்றார் மாமி. ஒரு கணமும் யோசிக்கவில்லை. வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருப்பார். "நல்ல சுகமா இருக்கிறான். கலியாணம் கட்டிட்டான். மருமேள் நல்ல பிள்ளை. ஒரு குறையுமில்லை. இனி ஒருத்தரும் தேடத் தேவையில்லையெண்டு சொல்லுங்கோ மிஸ்."

சொல்லிவிட்டு மாமி மடியிலிருந்த தன் கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார்.   பதினேழு மாதம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, தேடித் தாங்கோ, தேடித் தாங்கோ என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த மனுசி, தேட வேண்டாமென்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அதுவும் தனக்காக இல்லை.

அதிகாரியின் பேனை நிரலின்மேல் தயாராக நின்றது. "என்ன சொல்கிறார்?"

ஒரே ஒரு வசனம். 'ஆம், இருக்கிறார் என்கிறார்.' அதைச் சொன்னால் மாமி குடையை எடுத்துக்கொண்டு எழும்புவார். பின்னேரம் இருவரும் ஒரே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். திங்கட்கிழமை பதினாறு பேரும் கடதாசியில் வீடு வந்து சேர்ந்து விடுவார்கள். சந்தியோகு எந்த அறையில், எந்தச் சுவருக்குப் பின்னால் இருந்து காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாலும், அந்தச் சத்தம் இனி வராது.

"மிஸ்?" என்றார் அதிகாரி.

இந்திராதேவி மூலையிலிருந்து, "எடித்" என்று மெல்லக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

எடித் எழுந்து நின்றாள். மொழிபெயர்க்கிறவர்கள் எழுந்து நிற்பதில்லை. மேசையைச் சுற்றி வந்து, மாமி இருந்த கதிரைக்குப் பக்கத்தில், முறைப்பாடு சொல்ல வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். மாமி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம் பிள்ளை" என்றார். அவ்வளவு நேரமும் காத்த வேடம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேர்" என்று சிங்களத்தில் தொடங்கினாள் எடித். "இந்த அம்மா சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. இவர் என்னுடைய மாமியார். அவர் சொன்ன நல்ல மருமகள் நான்தான். அந்தப் படிவத்தை நிரப்பியவளும் நான்தான். அது என்னுடைய எழுத்து. என் கணவர் திரும்பி வரும்போது ஊருக்குள் விடமாட்டார்கள் என்று பயந்து எழுதினேன். இந்தத் தீவில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். வேறு எங்கே எழுதுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை."

 அதிகாரியின் பேனை இன்னும் அந்த நிரலின்மேல்தான் இருந்தது. வாசலில் நின்ற சீருடைக்காரரில் ஒருவன் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தான்.  மாமி பிடித்த தலைப்பை விடவில்லை. ஆனால் இழுப்பதை நிறுத்தியிருந்தார். இப்போது அவர் அதைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார், சனக்கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடாமல் பிடிக்கிறது போல.

எத்தனையோ பெண்களுக்காக அவள் இந்த மேசையிலிருந்து எழுதியும் சொல்லியும் வந்த வசனம். மாமிக்கும் விளங்க வேண்டுமென்று அதை முதலில் தமிழில் சொன்னாள்.

"சேர், என்ட மனுசன் வீட்டில இல்லை. அவரைத் தேடித் தாங்கோ."